சிவப்புக் காலுறை விவகாரம் பற்றி மாமாவுக்கு ஒரு விளக்கம்

பலெர்மோ,
21.06.1998, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய மாமா கோபாலசிங்கம் அவர்களுக்கு,

மருமகன் விக்னராஜா தலைகுனிந்து எழுதிக்கொள்வது. நான் இங்கே இடதுகைப் பெருவிரலைத் தவிர மற்ற எல்லா உறுப்பாலும் சுகமாக இருக்கிறேன். விரலைப் பற்றிக் கீழே வரும். தாங்களும், இராசேஸ்வரி மாமியும், தங்கள் நிழலில் இருக்கும் என் மனைவி இந்திராதேவியும், மகள் சுலக்சனாவும் வெள்ளவத்தையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை தொலைபேசியில் தாங்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டீர்கள். நான் வாயைத் திறக்க லைன் அறுந்துவிட்டது, அல்லது தாங்கள் வைத்துவிட்டீர்கள். ஒன்று, பெண்பிள்ளைகள் போடும் சிவப்புக் காலுறையை முழங்கால்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு நூறு பேருக்கு முன்னால் கடற்கரையில் நான் ஓடியது உண்மையா? இரண்டு, பொலிஸ் வந்தது உண்மையா? மூன்று, வேலை போய்விட்டதா? இதை வத்தளையில் இருக்கும் தன் தமையனுக்குச் சொல்லி, அவர் மூலம் தங்கள் காதில் போட்டவர் இங்கே பலெர்மோவில் இருக்கும் சூசைதாசன் என்பதும் எனக்குத் தெரியும். முதலாவதுக்குப் பதில், ஓம். இரண்டாவதுக்கும் ஓம். மூன்றாவதுக்குப் பதில் சொல்ல, தாங்கள் தயவுசெய்து கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை வாசிக்கவேண்டும். சூசைதாசனும் அதே நிறக் காலுறை போட்டுக்கொண்டு அதே இடத்தில் ஓடினவர்தான் என்பதைத் தமையனுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

முதலில் என் முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிஞ்ஞோரா அசுந்தாவுக்கு எண்பத்துமூன்று வயது. கல்யாணம் கட்டாதவர். அமெரிக்காவில், புரூக்ளினில் பிறந்து, பதினைந்து வயதில் தாயோடு இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்குத் திரும்பி, நாற்பது வருடம் இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். வீடு கால்சாப் பகுதியில், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, அறுபத்தெட்டுப் படி. கால் இரண்டும் ஏலாது. கண்ணுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் தூரத்தில் துறைமுகத்துக்குள் வருகிற கப்பலின் பெயரைச் சொல்வார். எனக்கு முன்னால் ஐந்து பேர் வேலைக்கு வந்து ஓடியிருக்கிறார்கள். அரசாங்கக் கச்சேரியில் இருபது வருடம் கிளாக்காக இருந்த என் ஆங்கிலத்தைக் கேட்டுத்தான் என்னை வைத்துக்கொண்டார். சமைக்க, துடைக்க, தூக்கி இருத்த, எல்லாவற்றுக்கும் மேலாக வாசித்துக்காட்ட. பைபிளோ பத்திரிகையோ என்று நினைத்துக்கொண்டு போனேன். மற்ற வீடுகளில் இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருக்கும் இடத்தில் அங்கே தாடியும் கிருதாவும் வைத்த பத்து ஆம்பிளைகளின் பழைய படம் ஒன்று தொங்கியது. எல்லாரும் முழங்கால்வரை நீண்ட காலுறை போட்டிருந்தார்கள். "கிரிக்கெட் ரீமோ, சிஞ்ஞோரா?" என்று மரியாதைக்குத்தான் கேட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சூப்பைக்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார்.

அது பேஸ்போல், மாமா. அதுவும் இப்போது ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகள் ரீவியில் பார்க்கிற பேஸ்போல் இல்லை. அந்த விளையாட்டுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய முதல் இருபது வருடம் மட்டும்தான் சிஞ்ஞோராவுக்குக் கணக்கு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குச் சும்மா செய்தி. பின்னேரம் மூன்று மணிக்கு நான் புத்தகத்தைத் திறக்கவேண்டும். முதல் மாதம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாசித்தேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. மூன்று மணி எப்போது வரும் என்று பாத்திரம் கழுவும்போது பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் படத்தில் இருப்பவர்கள் சின்சினாட்டி ஊரின் சிவப்புக் காலுறைக்காரர்கள். 1869இல், ஒளிக்காமல் மறைக்காமல், இவர்கள் எல்லாரும் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு இறங்கிய முதல் அணி. கையுறை கிடையாது, மாமா. கல்லுப்போன்ற பந்தை வெறுங்கையால் பிடித்தார்கள். அந்த வருடம் முழுவதும் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. முப்பது வருடம் ஸ்ரேசன் மாஸ்ரராய் இருந்த தங்களுக்காக இதையும் எழுதுகிறேன். அமெரிக்காவைக் குறுக்கே இணைக்கும் ரயில்பாதை அந்த மே மாதம்தான் பூட்டி முடிந்தது. செப்ரெம்பரில் இவர்கள் அந்தப் புதுத் தண்டவாளத்தில் ஏறிக் கலிபோர்னியாவுக்குப் போய், அங்கே இருந்த எல்லாரையும் வென்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வாசித்துவிட்டு வழியில் எத்தனை ஸ்ரேசன், எத்தனை மாஸ்ரர் பச்சைக்கொடி காட்டியிருப்பார்கள் என்று தங்களைத்தான் நினைத்தேன்.

இன்னொரு நாள் 1880. ஒரு கல்லூரிப் பெடியன், இடதுகையால் எறிகிறவன், பட்டம் வாங்குகிற வாரம், இரவு நித்திரையே இல்லை, காலையில் ரயிலேறி வந்து பந்தெறிகிறான். எதிரணியின் ஒன்பது பேரும் மும்மூன்று முறை, ஆக இருபத்தேழு தடவை துடுப்போடு வந்தார்கள். இருபத்தேழு தடவையும், ஓடித் தொடவேண்டிய நாலு மூலைகளில் முதலாவது பேஸைக்கூட மிதிக்காமல் திரும்பினார்கள். ஒருவன் அடித்தது நல்ல அடி, எல்லாம் கெட்டது என்று நினைக்கும் நேரம், வலதுபக்கத்தில் தூர நின்றவன் ஓடிவந்து எடுத்து முதலாவது பேஸுக்கே எறிந்து அவனை விழுத்தினான். தொழிலாய் விளையாடியவர்களில் அதற்கு முன் ஒருவரும் செய்யாத காரியம். ஐந்தாம் நாள் இன்னொருவன் அதையே செய்தான். பிறகு இருபத்துநாலு வருடம் ஒருவராலும் ஏலவில்லை. நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். அடுப்பில் தக்காளிச் சாறு கருகி வீடெல்லாம் புகை. சிஞ்ஞோரா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த வலதுபக்கத்தானை இன்னொருக்கால் வாசியும்," என்றார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அதுதான் எனக்குச் சுகம்.)

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் இனித்தான். 1888 முடியும்போது இரண்டு சம்பள அணிகள் உலகம் சுற்றப் புறப்பட்டன. ஹவாய், நியூசிலாந்து, ஒஸ்ரேலியா என்று வாசித்துக்கொண்டே வருகிறேன். அடுத்த வரியில் கொழும்பு! மாமா, 1889 சனவரியில், தொழிலாய்ப் பேஸ்போல் ஆடினவர்கள் எங்கள் கொழும்பில் கப்பலால் இறங்கி ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "சிஞ்ஞோரா, கொழும்பு! கொழும்பு!" என்று கத்தினேன்.

"தெரியும். இருந்து வாசியும்," என்றார் அவர். "சிலோன்காரன் எண்டு சொன்னபடியால்தானே உம்மை எடுத்தனான். உம்மடை சமையலுக்கு எண்டு நினைச்சீரோ?"

அங்கிருந்து அவர்கள் எகிப்துக்குப் போய்ப் பிரமிட்டுக்கு முன்னால் ஆடி, பிறகு இத்தாலிக்கு வந்து நேப்பிள்சிலும் ரோமிலும் இறங்கியிருக்கிறார்கள். "நேப்பிள்ஸ் வரை வந்தவங்கள், ஒரு ராப்பயணம், பலெர்மோவுக்கு வந்திட்டுப் போயிருக்கலாம்," என்று கல்யாணவீட்டுக்கு வராத சொந்தக்காரரைச் சொல்வதுபோல நூற்றொன்பது வருடத்துக் கோபத்தோடு சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது சிஞ்ஞோராவின் தம்பி மகன் றொபேர்த்தோ ஏப்ரலில் வந்து, யூன் முடிவில் அத்தையை மொன்றயாலே மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் வயோதிபர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, குளியலறை ஓடு விற்கிறவர். ஞாயிறு தவறாமல் இனிப்புப் பெட்டியோடு வருவார். அறுபத்தெட்டுப் படியும் ஒருநாள் அத்தையைக் கொன்றுவிடும் என்ற பயம் ஒன்று. மற்றப் பயத்தைச் சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "செத்து நூறு வருசமான ஆம்பிளையளைப் பற்றி, நேற்றுச் சந்தைக்குள்ளை கண்ட மாதிரிக் கதைக்கிறா. தலை பிழைச்சிட்டுது போலை." தங்களுக்குத் தெரியும், என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, ஓகஸ்ரில் முடிகிறது. வேலைக் கடதாசி இல்லாமல் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் புதுப்பிக்க ஏலாது. அது புதுப்பிக்காவிட்டால் இந்திராதேவியையும் பிள்ளையையும் கூப்பிடும் விண்ணப்பத்தைக் குப்பைக்குள் போடவேண்டியதுதான். ஐந்து வருடமாய் என் மகளைப் படத்தில்தான் வளர்க்கிறேன். சிஞ்ஞோரா மலை ஏறினால் நான் கடலுக்குள் இறங்கவேண்டும் என்பதுபோல இருந்தது நிலைமை.

சிஞ்ஞோரா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. றொபேர்த்தோ போனபிறகு என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"விக்கி, அப்பா என்ரை அண்ணன் தம்பியை மட்டும்தான் மச் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவர். நான் பொம்பிளைப்பிள்ளை. வீட்டிலை இருந்து உருளைக்கிழங்குத் தோல் சீவினனான். எழுபது வருசமாய் வாசிக்கிறன். ஒரு மச்சும் கண்ணாலை பாக்கேல்லை. மலைக்குப் போக முன்னம் ஒண்டே ஒண்டு பாக்கவேணும்."

"எந்த மச், சிஞ்ஞோரா?"

"1870, யூன் பதினாலு."

அந்த ஆட்டத்தைப் பாதிவரைதான் எனக்குத் தெரியும். சிவப்புக் காலுறைக்காரர் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோல்வியே காணாமல் புரூக்ளினுக்கு வருகிறார்கள். முழுநேரம் முடிய இரண்டு பக்கமும் சமம். எதிரணி சமநிலையே போதும் என்று சந்தோசமாய்ப் புறப்படுகிறது. சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அப்படியே போயிருந்தால் தோற்காத அணியாகவே போயிருக்கலாம். ஆனால் சிவப்புக் காலுறைத் தலைவன் மறித்தான். முடிவு தெரியும்வரை ஆடவேண்டும் என்றான். ஆடினார்கள். எட்டுக்கு ஏழு என்று தோற்றார்கள். அந்தக் கடைசி நிமிடங்கள் எழுதியிருக்கும் பக்கம் வரும்போதெல்லாம் சிஞ்ஞோரா கையை நீட்டிப் புத்தகத்தை மூடிவிடுவார். "மிச்சம் பிறகு." எப்படித் தோற்றார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரியவரவில்லை. சிஞ்ஞோராவின் தகப்பன் புரூக்ளினில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். அந்த ஆட்டத்தைச் சின்னப்பிள்ளையாய் வேலியில் ஏறிப் பார்த்த ஒரு கிழவர் அங்கே சவரம் செய்ய வருவாராம். அவர் சொல்லித்தான் ஏழு வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது.

நான் ஓம் என்றேன். கச்சேரியில் இருபது வருடத்தில் ஒரு விண்ணப்பத்துக்கும் நான் இப்படி யோசியாமல் ஓம் சொன்னதில்லை.

பிறகுதான் பயம் பிடித்தது. பலெர்மோவில் ஒன்பது பேருக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பெடியள் கடற்கரையில் ஒட்டுநாடா சுற்றிய பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்களிடம் போனேன். மன்னார் அல்பேட், ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை, மலைபோன்ற தோள், உடனே சரி என்றார். எதிரணிக்குத் தன் கடைக் குசினியையே கூட்டிவருவதாகவும் சொன்னார். அவர்களின் தலைவன் தோத்தோ என்ற சமையல்காரன், காற்பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவன். ஆக, ஒரு பக்கத்துக்குக் கிரிக்கெட் தெரியும், மறுபக்கத்துக்குக் காற்பந்து தெரியும், பேஸ்போல் ஒருவருக்கும் தெரியாது. சூசைதாசன் தன்னைக் கப்ரனாய்ப் போட்டால்தான் வருவேன் என்றார். சிஞ்ஞோரா என்னைப் போட்டுவிட்டார். இந்தத் தொலைபேசிக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது, மாமா.

துடுப்பை ஒரு பழைய வள்ளத் துடுப்பின் தண்டில் வெட்டிச் சீவினோம். பந்துக்கு, ரப்பர் உருண்டையில் சிஞ்ஞோராவின் பழைய சுவெற்றரை அவிழ்த்த நூலைச் சுற்றி, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தோல் போட்டோம். காலுறைக்குத்தான் வுச்சீரியாச் சந்தைக்குப் போகவேண்டி வந்தது. யூன் மாதத்தில் சிவப்புக் கம்பளிக் காலுறை, முழங்கால்வரை, ஆம்பிளைகளுக்கு, ஒன்பது சோடி என்று கேட்டேன். கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்து மீன்கடைக்காரியைக் கூப்பிட்டு, அவள் அதற்கடுத்த ஒலிவ்காய்க் கடைக்காரியைக் கூப்பிட்டு, மூன்று பேரும் சேர்ந்து என் காலைப் பார்த்தார்கள். ஆம்பிளைகளுக்கு இல்லை, பெண்பிள்ளைகளுக்குத்தான் உண்டு என்று தந்தார்கள். தங்கள் முதலாவது கேள்விக்கு முழுவிளக்கம் இதுதான்.

யூன் பதினாலு ஞாயிறு, இத்தாலிக்கு உலகக்கிண்ண ஆட்டம் இல்லாத நாள். நானும் அல்பேட்டும் சிஞ்ஞோராவைக் கதிரையோடு தூக்கி அறுபத்தெட்டுப் படியும் இறக்கினோம். கடற்கரையோரத்தில், போர்க்கால இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய அந்த வெளியில், நாலு பேஸுக்கு நாலு மாச்சாக்கும், கோட்டுக்குக் கோதுமை மாவும் போட்டு வைத்திருந்தோம். சிஞ்ஞோரா வெள்ளைத் தொப்பி போட்டு, கறுப்புக் குடையோடு நடுவராய் இருந்தார். பழைய சட்டம்: கையைக் கீழால் வீசித்தான் எறியவேண்டும், கையுறை இல்லை, அடித்தபந்து முதலில் எங்கே நிலத்தில் படுகிறதோ அதை வைத்துத்தான் கோட்டுக்கு உள்ளோ வெளியோ என்று தீர்ப்பு. வெயிலுக்காக ஒன்பது இன்னிங்சை ஐந்தாகக் குறைத்தோம்.

அதன்பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன். சூசைதாசன் முதல் பந்தை அழகாய்ப் பின்னால் தட்டிவிட்டு, துடுப்பையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். எறிந்தவனிடம் ஓடினார், மாமா, கிரிக்கெட்டில் ஓடுவதுபோல நேரே. எங்கள் பெடியன் றமேஸ், இல்லாத விக்கெட்டைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் உருண்டுவந்த பந்தையெல்லாம் தோத்தோவின் ஆட்கள் காலால் நிறுத்தி ஒருவருக்கொருவர் பாஸ் பண்ணினார்கள். ஒருவன் தலையால் முட்டப்போய்ப் பத்து நிமிடம் படுத்திருந்தான். "கையாலை! கையாலை எடுங்கோடா!" என்று சிஞ்ஞோரா இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் கத்திக் குடையால் நிலத்தில் அடித்தார். உலாவ வந்த சனம் நின்று பார்க்கத் தொடங்கியது. ஐஸ்கிறீம் வண்டிக்காரன் வண்டியை அங்கேயே நிற்பாட்டிவிட்டான்.

ஆனால் மூன்றாவது இன்னிங்சில் ஏதோ நடந்தது. தோத்தோ ஒன்றை வானத்துக்கு அடித்தான். அல்பேட் கடற்பக்கம் ஓடினார். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, திரும்பாமலே இரண்டு கையையும் முன்னால் நீட்ட, பந்து அவர் தோளுக்கு மேலால் வந்து வெறுங்கைக்குள் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. அல்பேட் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதைத்தானே அவங்கள் ஒவ்வொருநாளும் செய்தவங்கள், அண்ணை?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் உண்மையாய் ஆடியது. வாசித்த காலத்தில் நான் அறியாத ஒன்றை அன்று அறிந்தேன். முதலாவது பேஸில் நின்றுகொண்டு, ஒரு மனிதன் முழுவேகத்தில் என்னை நோக்கி ஓடிவர, அவனுக்கு முன் பந்து வருமா என்று பார்த்திருக்கும் அந்த இரண்டு நொடிக்குள் குவெஸ்தூராவும் இல்லை, ஓகஸ்ரும் இல்லை.

ஐந்து இன்னிங்ஸ் முடியப் பதினொன்றுக்குப் பதினொன்று. அந்த நேரம் காரபினியேரிப் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து றொபேர்த்தோ, கையில் இனிப்புப் பெட்டியோடு குதித்தார். வழக்கம்போல ஞாயிறு வந்திருக்கிறார், கதவு திறந்து கிடக்கிறது, அத்தையும் இல்லை, கதிரையும் இல்லை. கீழ்வீட்டுக்காரி, "ரெண்டு கறுப்பங்கள் கதிரையோடை தூக்கிக்கொண்டு போட்டாங்கள்," என்றிருக்கிறாள்.

கூட வந்த பொலிஸ் அதிகாரி, மீசைக்கார மரேஷால்லோ, "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். பதினேழு பேரும் ஒரேநேரத்தில் என்னைக் காட்டினார்கள். சூசைதாசன் இரண்டு கையாலும் காட்டினார். மரேஷால்லோ என் பெர்மெஸ்ஸோவை வாங்கிப் பார்த்தார், காலைப் பார்த்தார், திரும்பப் பெர்மெஸ்ஸோவைப் பார்த்தார்.

சிஞ்ஞோரா குடையை உயர்த்தினார். "மரேஷால்லோ, நீங்கள் ரெண்டாவது பேஸிலை நிக்கிறியள். தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார். "ஆர் வெல்லுறது?"

"சமம்."

"சமம்தானே? அப்ப முடிஞ்சுது. வீட்டை போவம், அத்தை," என்றார் றொபேர்த்தோ. உண்மையில் பயந்துபோயிருந்தார்.

எனக்கும் அதே எண்ணம்தான். கடதாசி இன்னும் மரேஷால்லோவின் கையில். "சிஞ்ஞோரா, சமநிலை நல்ல முடிவு," என்றேன். "கிரிக்கெட்டிலை அஞ்சு நாள் ஆடிப்போட்டு, சமநிலை எண்டு கைகுடுத்திட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போறவங்கள்."

அவர் கோபிக்கவில்லை. "ஓம். அண்டைக்கு அவங்களும் அப்பிடிப் போயிருக்கலாம்," என்றார் மெதுவாக. "கப்ரன் நீர். நீர் சொல்லும், நான் கேக்கிறன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்திராதேவியின் முகமும் பிள்ளையின் முகமும் தங்கள் முகமும் வந்தன. தங்கள் முகம் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. சரி வீட்டுக்குப் போவோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எண்பத்துமூன்று வயது மனுஷி, ஏழு வயது முதல் காத்திருந்து, மிச்சம் பிறகு, மிச்சம் பிறகு என்று புத்தகத்தை மூடி வைத்த மனுஷி, இப்போது மூடாமல் இருக்கிறார். நான் எப்படி மூடுவேன்?

"விளையாடுவம்," என்றேன்.

றொபேர்த்தோ ஏதோ சொல்ல வந்தார். மரேஷால்லோ அவர் தோளில் கைவைத்து, "பொது இடம், ஒழுங்கு காக்கவேணும், நான் நிண்டு பாக்கிறன்," என்று சொல்லி மாச்சாக்கு ஒன்றில் இருந்தார். அதுவும் பேஸ் என்று சொல்லி எழுப்பவேண்டி வந்தது.

ஆறாவது இன்னிங்சில் அல்பேட் ஒரு ஓட்டம் எடுத்தார். எங்களுக்குப் பன்னிரண்டு. அவர்கள் முறை வந்தது. ஒரு ஓட்டம் எடுத்துச் சமம். இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் தோத்தோ நிற்கிறான். அடுத்தவன் அடித்தது பலமான அடி இல்லை, முதலாவது பேஸ் பக்கமாகத் துள்ளித் துள்ளி என்னிடமே வருகிற சின்னப் பந்து. குனிந்து எடுத்துப் பேஸை மிதித்தால் முடிந்தது, சுலக்சனாகூடச் செய்வாள். குனிந்தேன். பந்து என் இடதுகைப் பெருவிரலில் பட்டு, விரலை ஒருபக்கம் திருப்பிவிட்டு, கால் இரண்டுக்கும் நடுவால் போய்விட்டது. தோத்தோ ஓடிவந்து கடைசி மூலையை மிதித்தான். நாங்கள் தோற்றோம். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு.

சூசைதாசன் என்னை என்ன சொல்லித் திட்டினார் என்பதை மாமி வாசிக்கக்கூடிய கடிதத்தில் எழுத ஏலாது. நான் விரலைப் பிடித்துக்கொண்டு சிஞ்ஞோராவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் குடையை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"முதலாவது பேஸ்," என்றார். "விக்கி, முதலாவது பேஸ்தான்! அண்டைக்கும் கடைசியிலை பந்து முதலாவது பேஸ்காரனிட்டைத்தான் போனது. அவன் பிழைவிட்டவன். அதோடை முடிஞ்சுது. அப்பான்ரை கடையிலை அந்தக் கிழவர் இந்த இடத்தைச் சொல்லேக்கை முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடை அழுதவர். நான் கண்டிட்டன். நான் இப்ப கண்டிட்டன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மாமா. அவர் சொன்னதன் பொருளைச் சுற்றி நின்ற ஒருவரும் அறியார். ஆனால் தோத்தோ வென்ற சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். மரேஷால்லோவும் கழற்றினார். பிறகு ஐஸ்கிறீம்காரன் கைதட்ட, அந்த வெளி முழுக்கத் தட்டியது, தோற்ற எங்களுக்கும் சேர்த்து.

என் கடதாசியைத் திருப்பித் தரும்போது மரேஷால்லோ, விரலுக்கு ஐஸ் வைக்கச் சொன்னார். எனக்கு விரல் போனதால் கதிரையின் மறுபக்கத்தை றொபேர்த்தோ தூக்கினார். முதலாம் மாடியில் மூச்சுவாங்கி நின்றுகொண்டு, "அத்தை, அந்தச் சிவப்புக்காரர் உண்மையா எத்தினை மச் தோக்காமல் ஆடினவங்கள்?" என்று கேட்டார். சிஞ்ஞோரா சொல்லத் தொடங்கினார். இரண்டாம் மாடியில் அவர்கள் கலிபோர்னியாவுக்கு ரயிலேறினார்கள். மூன்றாம் மாடியில் றொபேர்த்தோ கதிரையை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே இருந்து, இனிப்புப் பெட்டியைத் திறந்து, "பிறகு?" என்றார். அன்று மூன்று மணி வாசிப்பை ஏழு மணிக்கு நான் வைக்க, அவரும் இருந்து கேட்டார். போகும்போது வாசலில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தலை பிழைக்கேல்லை. கன்னியாஸ்திரிமார் பொறுக்கட்டும்." செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோரா இரண்டு வருட வேலைக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். புதன்கிழமை குவெஸ்தூராவில் என் விண்ணப்பத்தை ஏற்றுச் சீட்டுத் தந்துவிட்டார்கள். ஆகையால் தங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில், வேலை போகவில்லை. இந்திராதேவியிடம் கல்யாணச் சான்றிதழையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்க்கக் கொடுக்கச் சொல்லவும்.

தோற்றதில் எனக்கு வெட்கம் இல்லை, மாமா. ஒரு மனுஷி எழுபத்தாறு வருடம் காத்திருந்த தோல்வியை என் கையாலேயே கொடுத்தேன் என்பதை நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது. மாமிக்கு என் வணக்கம். பிள்ளைக்கு நெற்றியில் ஒரு முத்தம் தாங்களே எனக்காகக் கொடுக்கவும். தங்கள் முழங்கால் வலிக்குக் கடவுள் குறைச்சல் தரட்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்கு அடங்கிய,
மருமகன் வி. விக்னராஜா

பி.கு.: தன்னைப் பற்றி ஊருக்கு எழுதுவதைத் தான் கேட்கவேண்டும் என்று சிஞ்ஞோரா சொன்னபடியால், மேலே உள்ளதை ஆங்கிலத்தில் அவருக்கு வாசித்துக்காட்டினேன். பந்து என் விரலில் பட்ட இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "விக்கி, அந்தப் பந்து வெளியிலை," என்றார். மாவுக்கோட்டுக்கு ஒரு சாண் வெளியேதான் அது முதலில் நிலத்தில் பட்டதாம், பிறகுதான் சுழன்று உள்ளே வந்ததாம். பழைய சட்டப்படி அது செல்லாத அடி. கண்டாராம், வாயைத் திறந்தாராம், ஆனால் பந்து முதலாவது பேஸுக்குப் போவதைக் கண்டதும் சொல்ல வாய் வரவில்லையாம். "நான் கள்ள நடுவர். பெடியளுக்குச் சொல்லிப்போடும்," என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை. ஆக, உண்மையில் நாங்கள் தோற்கவில்லை, மாமா. ஆனால் மேலே தோற்றோம் என்று எழுதிய இடத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. தாங்களும் அப்படியே வாசிக்கவும்.